தூக்கத்துக்கு அமுக்கரா: வடசென்னையில் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

பன்னிரண்டு மணிக்குப் படுத்து மூன்று மணிக்கே விழித்துக்கொள்கிறவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். காசிமேட்டில் மீன் ஏலம் விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் நெடுஞ்சாலையில் ராத்திரி முழுக்க வரிசையில் நிற்கும். மணலியிலும் எண்ணூரிலும் ஷிப்ட் வேலை. இதில் வீட்டுக் கவலையும் கடன் கவலையும் சேர்ந்துவிட்டால், உடம்பு அசந்து கிடந்தாலும் மனசு ஓயாது. அப்போது யாராவது ஒருவர், "நாட்டு மருந்துக் கடையில் ஒரு பொடி இருக்கு, பாலில் போட்டுக் குடி" என்பார்.

அந்தப் பொடியை வாங்குவதற்கு முன்னால் இதைப் படியுங்கள். நான் சொல்ல வருவது இதுதான்: கலவைப் பொடி வேண்டாம். ஒரே ஒரு வேரை, உங்கள் கண்ணால் பார்த்து முழு வேராக வாங்கி, வீட்டில் சுத்தம் செய்து, சின்ன அளவில் தொடங்குங்கள். ஒன்பது சரக்கு சேர்ந்த பொடி வயிற்றைக் கெடுத்தால் எந்தச் சரக்கு கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பலன் தந்தாலும் எது தந்தது என்று தெரியாது.

அந்த ஒரு வேர் அமுக்கரா. அமுக்கிராக் கிழங்கு, அசுவகந்தா என்றும் சொல்வார்கள், மூன்றும் ஒன்றுதான். இதை நினைவில் வைப்பது அவசியம். காலையில் அசுவகந்தா மாத்திரை, ராத்திரி அமுக்கரா சூரணம் என்று இரண்டு மருந்தாக நினைத்து ஒரே வேரை இரட்டிப்பு அளவில் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

யாருக்கு வேண்டாம்

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தொடவே வேண்டாம். குழந்தைகளுக்கும் கூடாது. தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும்; அமுக்கரா தைராய்டு சுரப்பைக் கூட்டக்கூடியது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கு அந்த மாத்திரையோடு இதுவும் சேர்ந்து அளவை மேலும் இறக்கிவிடலாம். தூக்க மாத்திரை, வலிப்பு மாத்திரை, மனநல மாத்திரை எடுப்பவர்களுக்கு மயக்கம் கூடும். சரவாங்கி, லூபஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோய் (உடம்பின் எதிர்ப்பு சக்தி உடம்பையே தாக்குவது) உள்ளவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் எல்லோரும் டாக்டரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது. ஆபரேஷன் நாள் குறித்திருந்தால் இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிட வேண்டும், அறுவை செய்யும் டாக்டரிடமும் சொல்ல வேண்டும்.

"நாட்டு மருந்துதானே, அதை எதுக்கு டாக்டர்கிட்ட சொல்லணும்?" என்று கேட்பவர்கள் உண்டு. சொல்லத்தான் வேண்டும். அபூர்வமாகச் சிலருக்கு இந்த வேரால் கல்லீரல் வீங்கி மஞ்சள் காமாலை வந்ததாக மருத்துவப் பதிவுகள் இருக்கின்றன. கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் போனாலோ, உடம்பெல்லாம் அரித்தாலோ அன்றே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மிச்சம் இருக்கும் பொடியையும் கையோடு எடுத்துப் போங்கள்.

இன்னொரு விஷயம். வாரத்தில் மூன்று ராத்திரிக்குக் குறையாமல், மூன்று மாதமாகத் தூக்கம் கெட்டிருந்தால் அது நாட்பட்ட தூக்கமின்மை. அதற்கு முறையான சிகிச்சை இருக்கிறது. பலமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று திணறுகிறவருக்கு எந்த வேரும் உதவாது, அது மூச்சுப் பாதைக் கோளாறு. வாழ்க்கையே வேண்டாம் என்ற எண்ணம் வருகிறவர்கள் பால் காய்ச்சிக் கொண்டிருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு, அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்கு, எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

எங்கே வாங்குவது, எப்படிப் பார்ப்பது

தெருமுனைக் கடையிலேயே கிடைக்கும். ஆனாலும் முதல் தடவை பூங்காநகர் ராசப்ப செட்டித் தெருவுக்கு ஒரு நடை போய்வரச் சொல்வேன். கந்தகோட்டம் முருகன் கோயில் இருக்கும் அதே தெரு. விம்கோ நகர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டைப் பக்கம் இருப்பவர்கள் மெட்ரோவில் சென்ட்ரல் இறங்கி நடந்துவிடலாம். வரிசையாக நாட்டு மருந்துக் கடைகள். வாசலிலேயே சாக்கு மூட்டைகளில் வேரும் பட்டையும் காயும் திறந்து வைத்திருப்பார்கள். சரக்கு வேகமாகப் போகிற இடம் என்பதால் பழசு தேங்குவது குறைவு. நாலு கடையில் ஒரே வேரைப் பார்த்து ஒப்பிட்டால் கண்ணும் பழகிவிடும்.

"அண்ணே, அமுக்கரா நூத்தம்பது கிராம் குடுங்க" என்றால், "பொடியா, வேரா?" என்று கேட்பார். வேர் என்று சொல்லுங்கள். பொடியில் என்ன இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. இந்தச் செடியின் இலையும் தண்டும் வேரைவிட மலிவு. அவற்றை அரைத்துக் கலந்துவிட்டால் வாசனையை வைத்துக் கண்டுபிடிப்பது புதியவர்களுக்கு முடியாத காரியம். இந்த மருந்துகளில் இலையைச் சேர்க்க வேண்டாம், வேரை மட்டும் பயன்படுத்துங்கள் என்று ஆயுஷ் அமைச்சகமே 2021ல் தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது.

கையில் ஒரு வேரை எடுத்துப் பாருங்கள். விரல் கனத்தில், நேராக, கிளைகள் அதிகமில்லாமல் இருக்க வேண்டும். மேல்தோல் மங்கிய பழுப்பு. கடைக்காரரிடம் கேட்டுவிட்டு ஒன்றை உடையுங்கள். நல்ல வேர் நார் இழுக்காமல் 'டக்' என்று முறியும். உள்ளே வெள்ளையாக, மாவு படிந்தது போல இருக்கும். முறித்த இடத்தை முகர்ந்தால் குதிரை லாயத்தின் காரமான வாடை லேசாக வரும். நாக்கில் வைத்தால் கசப்பு. வளைந்தும் முறியாவிட்டால் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். முறித்த இடத்தில் ஊசி முனை அளவு ஓட்டைகள் தெரிந்தால் வண்டு விழுந்திருக்கிறது. உள்ளே கருத்திருந்தால் பூஞ்சை. இந்த மூன்றில் எது இருந்தாலும் அடுத்த கடைக்குப் போங்கள். இந்த வேர் பெரும்பாலும் மத்தியப் பிரதேசத்தின் நீமச், மந்த்சௌர் பக்கம் விளைந்து வருகிறது. வரும் வழியிலும் குடோனிலும் நனைய வாய்ப்பு உண்டு, அதனால்தான் இவ்வளவு சோதனை.

சுத்தி செய்வது

சித்த மருத்துவத்தில் சரக்கை அப்படியே இடித்துச் சாப்பிடுவதில்லை, சுத்தி செய்துதான் சேர்ப்பார்கள். அமுக்கராவுக்குச் சொல்லும் சுத்தி பாலில் பிட்டவியல், அதாவது பால் ஆவியில் புட்டு போல அவிப்பது. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். இட்லிப் பானை இருந்தால் போதும்.

வேரை ஓடும் தண்ணீரில் மண் போகத் தேய்த்துக் கழுவுங்கள். ஊற வைக்காதீர்கள். வெள்ளைத் துணியில் பரப்பி நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள். எண்ணூர், மணலி, திருவொற்றியூர்ப் பக்கம் மாடியில் எதைக் காயவைத்தாலும் சாயங்காலத்துக்குள் கரித்தூளும் சாம்பலும் படிந்துவிடும். மேலே மெல்லிய வேட்டித் துணியால் மூடியே காயவையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையே வேண்டாம். அந்த ஈரக் காற்றில் வேர் காயாது, பூஞ்சைதான் பிடிக்கும். பங்குனியிலிருந்து ஆனி வரை நல்ல காலம்.

காய்ந்த வேரை உலக்கையிலோ இடிகல்லிலோ தட்டி, பிறகு மிக்சியில் விட்டு விட்டு ஓட்டிப் பொடியாக்குங்கள். தொடர்ந்து ஓட்டினால் சூடேறிவிடும். மாவு மில்லுக்குக் கொடுக்காதீர்கள், மிளகாய் அரைத்த கையோடு உங்கள் வேரையும் அரைத்துத் தருவார்கள்.

இனி அவிப்பது. இட்லிப் பானையில் பசும்பாலும் தண்ணீரும் சம அளவு, பாதிக்கும் கீழாக ஊற்றுங்கள். பானை வாயில் சுத்தமான துணியை இறுக்கமாக வேடு கட்டுங்கள். பொடியின் மேல் கொஞ்சம் பால் தெளித்து, கையால் பிடித்தால் பிடிபட்டு, விட்டால் உதிர்கிற புட்டு மாவுப் பதத்தில் பிசறி, துணியின் மேல் பரப்பி மூடுங்கள். தீ சிறியதாகவே இருக்கட்டும். பால் என்பதால் பொங்கித் துணியைத் தொட்டுவிடும். தொட்டால் பொடி கூழாகி ஒட்டிக்கொள்ளும். அடுப்பை விட்டு நகராதீர்கள். அரை மணி நேரத்தில் அந்தக் காரமான வாடை அடங்கி, வெந்த கிழங்கின் வாசனை வரும். இறக்கிப் பரப்பி, மறுபடி நன்றாகக் காயவைத்துப் பொடித்து, மெல்லிய துணியில் சலித்துக்கொள்ளுங்கள். வஸ்திரகாயம் என்பது இந்தத் துணிச் சலிப்பைத்தான். துணியில் நிற்கும் திப்பியைத் தூக்கிப் போடலாம்.

பால் பட்ட பொடி என்பதால் இரண்டாவது காயவைப்பில் அவசரப்பட்டால் ஒரு வாரத்தில் புளிப்பு வாடை வந்துவிடும். விரலால் தேய்த்தால் ஒட்டாமல் தூளாகப் பறக்க வேண்டும். அதுவரை டப்பாவில் போடாதீர்கள்.

ராத்திரிப் பால்

தலைதட்டிய அரை டீஸ்பூன் பொடி, ஏறத்தாழ ஒன்றரை கிராம். தொடக்கத்துக்கு இது போதும். இதே அளவில் இரண்டு மாதத்துக்குத் தொண்ணூறு கிராம் ஆகும். சலித்ததில் கழிவு போக நூற்றைம்பது கிராம் வேர் தாராளம்.

பொடியை நேராகச் சுடு பாலில் போட்டால் கட்டிகட்டியாகிவிடும். முதலில் இரண்டு ஸ்பூன் ஆறின தண்ணீரில் குழைத்துக்கொள்ளுங்கள். ஒரு டம்ளர் பாலும் அரை டம்ளர் தண்ணீரும் சேர்த்து அடுப்பில் வைத்து, குழைத்ததை ஊற்றிக் கிளறிக்கொண்டே இருங்கள். வேரில் மாவுச்சத்து அதிகம், கிளறாவிட்டால் அடியில் பிடித்துத் தீய்ந்த வாடை வந்துவிடும். சேர்த்த தண்ணீர் வற்றி ஒரு டம்ளராகும் வரை சிறு தீயில் விடுங்கள். பால் லேசாகக் கெட்டிப்பட்டு, ஸ்பூனின் பின்பக்கத்தில் மெல்லிய படலமாக ஒட்டும். அதுதான் பதம். இறக்கி, வேண்டுமானால் கொஞ்சம் பனங்கற்கண்டு, ஒரு சிட்டிகை சுக்குப்பொடி. சர்க்கரை உள்ளவர்களுக்குப் பனங்கற்கண்டும் கூடாது, அதுவும் சர்க்கரைதான்.

சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் கழித்து, படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் குடிக்கலாம். வெறும் வயிற்றில் சிலருக்குக் குமட்டும். நைட் ஷிப்ட் முடிந்து காலையில் தூங்குகிறவர்கள் காலையில் குடியுங்கள்; கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், உங்கள் படுக்கை நேரம்தான் கணக்கு. குடித்துவிட்டு வண்டி ஓட்டக் கூடாது. லாரி ஓட்டும் தம்பிகளுக்கு அழுத்திச் சொல்கிறேன்: வரிசையில் நிற்கும்போது கொஞ்சம் தூங்கலாமே என்று குடித்துவிட்டு, கேட் திறந்ததும் ஸ்டியரிங் பிடிக்காதீர்கள்.

பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் தண்ணீரில் கஷாயமாக வைக்கலாம். ஒன்றிரண்டாக இடித்த வேர் ஒரு டீஸ்பூன், தண்ணீர் இரண்டு டம்ளர், அரை டம்ளராக வற்ற வைத்து வடிகட்ட வேண்டும். கசப்பு தூக்கலாக இருக்கும்.

எத்தனை நாளில் தெரியும்

முதல் ராத்திரியே அடித்துப் போட்டாற்போலத் தூக்கம் வந்தால் சந்தேகப்படுங்கள். கடைப் பொடி எதையாவது குடித்து அப்படி ஆனால் அதில் வேறு ஏதோ கலந்திருக்கலாம். அமுக்கரா தூக்க மாத்திரை இல்லை. படபடப்பை மெல்ல மெல்ல இறக்கும், அதன் வழியாகத் தூக்கம் சீராகும். நம் நாட்டில் நடந்த ஆய்வுகளில் 2012ல் வெளியான ஒன்று மன அழுத்தம் உள்ள 64 பேரை வைத்து 60 நாள் நடந்தது. 2019ல் வெளியானது தூக்கமின்மை உள்ள 60 பேரை வைத்து 10 வாரம். இரண்டிலும் வேரின் செறிவூட்டிய சாறு 300 மில்லிகிராம் தினம் இரண்டு வேளை கொடுத்தார்கள், பலனும் தெரிந்தது. சின்ன ஆய்வுகள்தான். நாம் வீட்டில் இடிக்கும் பொடியும் அந்தச் சாறும் ஒரே வீரியம் கிடையாது. அதனால் வாரக்கணக்கில் பொறுக்க வேண்டும் என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு காலண்டர் தாளில் தினமும் படுத்த நேரம், விழித்த நேரம், நடுவில் எத்தனை தடவை எழுந்தீர்கள் என்று எழுதுங்கள். பொடி தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே எழுதத் தொடங்கினால்தான் ஒப்பிட முடியும். முதல் வாரத்தில் வயிறு கொஞ்சம் இளகலாம். தொடர்ந்து பேதியானால் நிறுத்துங்கள். இரண்டு வாரம் ஒத்துக்கொண்டால் ஒரு டீஸ்பூனாகக் கூட்டலாம். அதற்கு மேல் வைத்தியர் சொல்லாமல் கூட்ட வேண்டாம்.

அப்புறம், டீ. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் டீயை நிறுத்தாமல் எந்த வேரைக் குடித்தும் பயனில்லை. ஷிப்ட்டில் விழித்திருக்க ராத்திரி முழுக்க டீ குடித்துவிட்டு, காலையில் அமுக்கராப் பால் குடித்தால் இரண்டும் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டிருக்கும். ஷிப்ட் முடிய ஆறு மணி நேரம் இருக்கும்போதே கடைசி டீயைக் குடித்துவிடுங்கள்.

இடிக்க நேரமில்லாதவர்களுக்கு

அமுக்கரா சூரணம் கடையில் கிடைக்கிறது. இதுவும் கலவைப் பொடிதான், ஆனால் எந்தச் சரக்கு எவ்வளவு என்று தெரிந்த கலவை. தமிழக அரசின் டாம்ப்கால் நிறுவனமும் சித்த மருந்துகள் தயாரிக்கிறது. அந்தச் சூரணத்தின் செய்முறை அழகான கணக்கு: கிராம்பு 1 பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128. ஒவ்வொன்றும் முந்தியதைப் போல இரட்டிப்பு. கூட்டிப் பார்த்தால் 255 பங்கு. அதில் அமுக்கரா கால்வாசி, பாதி சர்க்கரை. ஆகவே சர்க்கரை நோயாளிக்கு இது பொருந்தாது. மிளகு, திப்பிலி, சுக்கு சேர்ந்திருப்பதால் அல்சர் உள்ளவர்களுக்கும் எரியும். வேர்ப் பொடியின் அளவை இதற்கு அப்படியே போடக் கூடாது, டப்பாவில் எழுதியிருக்கும் அளவே அளவு. வாங்கும்போது தயாரிப்பு லைசென்ஸ் எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, சரக்குப் பட்டியல் நான்கும் இருக்கிறதா பாருங்கள். இல்லாத டப்பாவை வைத்துவிட்டு வாருங்கள்.

வைத்தியரைப் பார்த்துத் தொடங்க விரும்புகிறவர்களுக்கு அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை இருக்கிறது. கடற்கரை ஸ்டேஷனிலிருந்து மின்சார ரயிலில் நேராகத் தாம்பரம் சானடோரியம் போனால் தேசிய சித்த மருத்துவ நிறுவனம். இரண்டும் அரசு நடத்துபவை.

மற்ற வேர்கள்

நன்னாரி தூக்க மருந்து இல்லை. ஆனால் சித்திரை வெயிலில் உடம்புச் சூட்டால் புரள்கிறவர்களுக்கு இதமானது. வேரைத் தட்டி நடுவில் உள்ள கட்டை நரம்பை எடுத்து எறிந்துவிட்டு, மேல்பட்டையை மட்டும் கொதித்து இறக்கிய தண்ணீரில் போட்டு மூடிவையுங்கள். கொதிக்க விட்டால் வாசனை ஆவியோடு போய்விடும். நன்னாரி என்ற பெயரில் மாகாளிக் கிழங்கும் விற்பனைக்கு வரும். மெலிதாகக் கம்பி போல இருப்பது நன்னாரி, பருத்த கிழங்காக இருப்பது மாகாளி.

சடாமாஞ்சில் மனதை அமைதிப்படுத்துவதற்குப் பழைய பேர் பெற்றது. கருப்பாக, ரோமம் மூடியதுபோல இருக்கும். இமயமலையில் விளையும் செடி. அளவு மீறிப் பிடுங்கியதால் இன்று அழிவின் விளிம்பில் இருக்கிறது. விலையும் அதிகம், போலியும் அதிகம். புதியவர்களுக்கு இது தேவையில்லை என்பேன்.

அதிமதுரத்தை இனிப்புக்காக ராத்திரிப் பாலில் தினமும் சேர்ப்பவர்கள் உண்டு. நாள்பட எடுத்தால் ரத்த அழுத்தம் ஏறும், உடம்பில் பொட்டாசியம் குறையும். பிரஷர் உள்ளவர்கள் நிறுத்திவிடுங்கள்.

சர்ப்பகந்தாவை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அதிலிருந்துதான் 1952ல் ரெசர்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். ரத்த அழுத்தத்தை இறக்கும், மனச்சோர்வைக் கொண்டுவரலாம். மனசு சோர்ந்து தூக்கம் இழந்தவருக்கு அது எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள்.

வசம்பும் அப்படித்தான். பச்சைப்பிள்ளை அழாமல் தூங்கட்டும் என்று பாட்டிமார் சுட்டு உரசி நாக்கில் தடவுவது நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. அவர்களின் அன்பில் குறை இல்லை. ஆனால் வசம்பில் உள்ள அசரோன் என்ற பொருள் உடம்புக்குக் கெடுதல்; இந்தக் காரணத்தால் அமெரிக்காவில் 1968லேயே உணவில் சேர்க்கத் தடை விதித்தார்கள். பெரியவர்களானாலும் குழந்தைகளானாலும் தூக்கத்துக்காக வசம்பு வேண்டாம்.

வைப்பதும் நிறுத்துவதும்

பொடியைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு இறுக மூடி, அடுப்புக்குத் தூரமாக வையுங்கள். ஈர ஸ்பூன் படக் கூடாது. சூரணத்துக்கு மூன்று மாத ஆயுள் என்பது சித்த மருத்துவக் கணக்கு; கடலோர ஈரக் காற்றில் அதையும் எட்டாமல் கட்டி பிடிக்கலாம். மொத்தமாக இடித்து வைக்காமல், ஒரு மாதத்துக்கானதை மட்டும் பொடித்துக்கொண்டு மிச்சத்தைக் காய்ந்த வேராகவே வைத்திருங்கள். வேர் நாள்பட நிற்கும்.

இரண்டு மாதம் முடிந்ததும், பலன் இருந்தாலும் இல்லாவிட்டாலும், நிறுத்துங்கள். மூன்று மாதத்தைத் தாண்டி எடுப்பது பற்றிப் போதிய ஆய்வுகள் இல்லை. நிறுத்திய பிறகும் காலண்டர் தாளில் இரண்டு வாரம் எழுதுங்கள். தூக்கம் நன்றாகவே தொடர்ந்தால் மறுபடி தொடங்க வேண்டியதில்லை. பழையபடி கெட்டுப்போனால் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு டாக்டரையோ சித்த வைத்தியரையோ போய்ப் பாருங்கள்.